விடுதலைப் பத்திரம்

காவிரிக் கடைமடையில் கோடைக் காய்கறிக்கான வேலை தை மாதமே தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் சில வாரங்கள்தான் தைப்பட்டம். மாசியில் வெயில் ஏறிவிட்டால் விதை முளைப்பதற்குள் மேல்மண் காய்ந்துவிடும்.

பொங்கல் முடிந்த கையோடு அம்மா கொல்லைக்குப் போய்விடுவாள். மழையில் இறுகிய மண்ணைக் கொத்திப் புரட்டி, ஒரு வாரம் ஆறப் போடுவாள். பிறகு மக்கிய சாணம், அடுப்புச் சாம்பல், இடித்த வேப்பம்புண்ணாக்கு. பாத்தி கட்டியதும் ஓரத்தில் கத்தரி நாற்றங்கால். முந்தின இரவே ஊறவைத்த பூசணி, பாகல் விதைகளைக் குழியில் ஊன்றுவாள். வெண்டையும் கொத்தவரையும் நேராகப் பாத்தியில். முளைத்து வந்தபின் சம்பா வைக்கோலைப் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுவாள். 45 நாளில் வெண்டை காய்த்துவிடும்.

அவள் மருமகளாக வந்தபோது அது கடப்பாரை இறங்காத களிமண். 50 வருடச் சாணமும் சருகும் சேர்ந்துதான் இன்று விரலால் கிளறினாலே பொலபொலக்கிறது. ஆனால், "உங்க வீட்ல விவசாயம் யாரு பாக்குறது?" என்று யாராவது கேட்டால், அப்பாவின் பெயரைத்தான் அம்மாவே சொல்வாள். வயலில் செய்தால் விவசாயம். கொல்லையில் செய்தால் வீட்டு வேலை. கூலி இல்லாத வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பங்கு பிரிக்கும்போது அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

அம்மா பிறந்த வீட்டிலும் ஒரு கொல்லை இருந்தது. தாத்தா இறந்தபின் மாமாக்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தன் பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் அந்தத் தாளுக்குப் பத்திரப் பதிவில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். யாருக்கு விடுதலை?

இப்போது அப்பா இல்லை. அண்ணன் என்னிடமும் அதே தாளைக் கொண்டுவந்தார். "கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சேம்மா. பங்கு கேட்டா நாளைக்குப் பொறந்த வீட்டு வாசல்ல எப்படி வந்து நிப்ப?"

போட்ட நகையை எண்ணிச் சொல்கிறவர்கள் சட்டத்தைச் சொல்வதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. அதற்கு முன்பே மணமான பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. எனக்குக் கல்யாணமானது 1998-இல்.

நான் கையெழுத்துப் போடவில்லை. கொல்லையில் இருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அப்பாவின் பங்கில் மனைவிக்கும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குமா?" என்று கேட்டாள்.

அந்த வருடம் பாத்தி கட்ட ஒரு வாரம் தாமதமானது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, இ-சேவை மையத்துக்கு அம்மாவும் என்னோடு வந்திருந்தாள்.