டவரில் யார் குடித்தனம்?

சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் என் சிநேகிதர், மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் இரண்டு லட்ச ரூபாயை ஒரு செல்போன் டவர் கம்பெனிப் பங்கில் போடலாமா என்று என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கும் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை! "போன் பேசாத மனுஷன் யார் இருக்கிறான்? இந்த வியாபாரம் எப்படி நொடிக்கும்?" என்பது அவர் வாதம்.

ஆண்டறிக்கையும் கையுமாக விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். வழவழப்பான படங்களை அவர் புரட்டித் தள்ளினார். லாபம் எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஒரு டவரில் எத்தனை குடித்தனம், தம்பி?" என்றார்.

சரியான கேள்விதான். டவர் கம்பெனி பேச்சை விற்பதில்லை. அது ஒண்டுக்குடித்தன வீட்டுக்காரர் மாதிரி. இரும்பு, மனை வாடகை, பாட்டரி, ஜெனரேட்டர் என்று செலவில் பெரும்பகுதி முதல் குடித்தனம் வரும்போதே ஆகிவிடுகிறது. அதே கம்பத்தில் இரண்டாவது கம்பெனியும் ஆன்டெனா மாட்டினால்தான் மிச்சம்.

குடித்தனக்காரர் யார் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல்லின் 17,500 டவர்களை, 2010-ல் ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சுமார் 8,400 கோடி ரூபாய் விலை பேசி, கடனும் வாங்கி, எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனுப் போட்டது. டவர்கள் நின்ற இடத்தில் நின்றன, குடித்தனம் போய்விட்டது. கடன்காரர்கள் மட்டும் போகவில்லை.

"வாடகை கைக்கு வந்ததா, ஏட்டிலே வந்ததா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கடனுக்கு அனுப்பிய பட்டாசுக்குத் தீபாவளி கழிந்துதான் வசூல். அதுவரை விற்பனை என்பது பேரேட்டில் ஒரு வரி. நாட்டின் பெரிய டவர் கம்பெனியான இண்டஸ் டவர்ஸ், 2022-ன் கடைசி மூன்று மாதங்களில் சுமார் 708 கோடி நஷ்டம் காட்டியது. டவர் ஒன்றும் சாய்ந்துவிடவில்லை. வோடஃபோன் ஐடியாவிடமிருந்து வரவேண்டிய பாக்கி வராமல் போகலாம் என்று சுமார் 2,300 கோடியை ஒதுக்கி எழுதியதால் வந்த நஷ்டம் அது. பின்னால் பழைய பாக்கி வசூலானதும் ஒதுக்கியது திரும்பி வந்து, 2024-25-ன் லாபத்தை உப்ப வைத்தது. என் சிநேகிதர் கண்ணில் பட்டது இப்படி உப்பிய லாபம்தான். வசூல் பாக்கி என்ற பக்கத்துக்கு அவர் வரவே இல்லை. (நானும் அண்ணாச்சி விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அதை நின்று படித்தேன்.)

"கல்யாணம் எப்போ?" என்றார் அண்ணாச்சி, கண்ணாடியைக் கழற்றியபடி.

"வருகிற தையில்."

"கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருக்கட்டும். குடித்தனக்காரன் ஆறு மாசம் கழிச்சுக் கொடுத்தாலும் கம்பெனி தாங்கும். சம்பந்தி தாங்குவாரா? பாங்கியிலேயே கிடக்கட்டும்னு சொல்லுங்க."

சொன்னேன். சிநேகிதருக்கு என்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் போன வாரம், தம் கடையில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். நான் போனதும் அதை மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டார்.