சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியாத பள்ளி

பள்ளிக்குள் நுழைந்ததும் டீச்சர் என்னை வகுப்பறைக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனார்.

"வர்றவங்க எல்லாரும் ஸ்மார்ட் போர்டைத்தான் போட்டோ எடுக்கிறாங்க. நீங்க முதல்ல இதைப் பாருங்க சார்."

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கழிப்பறை என்று நீலப் பெயின்டில் எழுதி, சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருக்கிறார்கள். உள்ளே உட்காரும் கோப்பை இருக்கிறது, சுவரில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். டீச்சர் ஒரு சக்கர நாற்காலியை உருட்டி உள்ளே விட்டார். கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. நாற்காலி உள்ளே போனபின் அதைச் சாத்த இடமில்லை.

"ஏழாம் வகுப்புப் பொண்ணு. கதவைத் திறந்து போட்டுக்கிட்டு எப்படி சார் உட்காருவா?"

இப்போதைக்குக் கதவுக்கு வெளியே கம்பி கட்டிப் பழைய சேலையைத் திரையாகப் போட்டிருக்கிறார். கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றித்தர ஒரு தச்சருக்கு அரைநாள் வேலைகூட இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பினார்களாம். திருத்திய மதிப்பீடு வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

சாய்தளமும் அப்படித்தான். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது சரிவு வேண்டும் என்பது பொதுவான அளவு. இந்தப் பள்ளியின் திண்ணை ஒன்றரை அடி உயரம். சாய்தளத்தின் நீளம் ஏழடி தேறாது. தானாக உருட்டிக்கொண்டு ஏற முடியாது, பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். கட்டிய கணக்கில் சாய்தளம் உண்டு, அவ்வளவுதான்.

கட்டடத்தைப் பார்த்துவிட்டு வகுப்பறைக்குள் போனால் வேறு ஓர் உலகம். மூன்றாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். விரல்கள் மடங்கி இறுகிக் கிடக்கும். மெல்லிய பென்சில் நிற்காது. சைக்கிள் டியூபை வெட்டி, பென்சிலைச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்கு வைத்திருக்கிறார் டீச்சர். நோட்டு நகராமல் இருக்க மேசையில் கிளிப் போட்ட அட்டை. அவன் 'ம' எழுதி முடிப்பதற்குள் பக்கத்துப் பெண் ஒரு வரி எழுதிவிட்டாள். எழுதிவிட்டு, அவன் அட்டையை எட்டிப் பார்த்து, "கொம்பு போடுடா" என்று அதட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே கொம்பு போட்டான். இந்த அதட்டலை எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுத் தர முடியாது.

நான்காம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவானாம். தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிக்கிற மணி. நமக்கே காது அதிரும். டீச்சர் யோசித்து, மணி அடிக்கிற வேலையை அவனிடமே கொடுத்துவிட்டார். சத்தம் எப்போது வரும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும், அவன் கையில் இருக்கிறது. நான் இருந்தபோது பாடவேளை முடிய, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். போனான், ஒரு தட்டுத் தட்டினான், வந்து உட்கார்ந்தான். ஊர் முழுவதும் அவன் நேரத்தில்தான் ஓடுகிறது என்று சமையலம்மா பெருமையாகச் சொன்னார்.

அவனுடைய அம்மா வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். பக்கத்து டவுனில் ஒரு தனியார் பள்ளியில் முதலில் சேர்க்கப் போயிருக்கிறார். பணம் கட்டத் தயாராகத்தான் இருந்திருக்கிறார். "இவனைப் பாத்துக்க எங்ககிட்ட ஆள் இல்லம்மா, மத்த பேரண்ட்ஸ் ஏதாவது சொல்லுவாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சண்டை போட்டுச் சேர்த்த இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பிவர எந்தத் தாயால் முடியும்?

டீச்சர் அரசுப் பள்ளிக்காகப் பேசுவது இந்த இடத்திலிருந்துதான். மே மாதம் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போகிறார். பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். அதனால் "ரேஷன் கார்டுல எத்தனை பேரு?" என்று கேட்கிறார். கார்டில் ஐந்து, கண்ணெதிரே நான்கு என்றால், உள் அறையில் ஒரு பிள்ளை இருக்கிறது. கிராம சபையிலும் எழுந்து பேசுகிறார். ஊர்க்காரர்களிடம் அவர் வைக்கும் வாதத்தில் இரக்கம் கிடையாது, கணக்குத்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கு இது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி என்று வேறு பள்ளிக்குப் போவார். "அந்தக் கணக்குல பென்சில் பிடிக்க முடியாதவனும் ஒண்ணு, மத்தவனும் ஒண்ணு. நீங்க உங்க பிள்ளைய வேன்ல ஏத்தி அனுப்புறீங்க. இங்க ஒரு டீச்சர் போயிடுறாங்க. மிச்சம் இருக்கிற ஒருத்தங்க ரெண்டு மூணு வகுப்பை வெச்சுக்கிட்டு இவனுக்கு எப்ப சார் டியூப் சுத்துறது?" வேன் கண்ணில் படும். போன ஆசிரியரின் இடம் காலியாவது யார் கண்ணிலும் படாது.

சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒருநாள் வருகிறார். வட்டார வள மையத்தைச் சேர்ந்தவர். பல பள்ளிகளை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். எழுந்து வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கும் போக வேண்டும். தொகுப்பூதியம். தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மறுபடியும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்‌ஷாவில் வருகிறது. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியதே, அதே திட்டம்தான். அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பதைத் தனியாகப் பேசலாம். சைக்கிள் டியூப் பென்சிலுக்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இருந்திருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் எனக்கும் டீச்சருக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்கிறார். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் கூட்டாளிகள் வேண்டும். சைகை தெரியாத வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார வைப்பதைச் சேர்த்துக்கொள்வது என்று எப்படிச் சொல்வது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளை அருகமைப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்தெடுக்கலாம், இலவசமாக, என்றுதான் சொல்கிறது. இதைச் சொன்னதும் டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி சார், அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். ஆனா நடந்து போற தூரத்துல ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருந்தாத்தானே தேர்ந்தெடுக்க முடியும்? ஹாஸ்டல் மட்டுந்தான் இருக்குன்னா அதுக்குப் பேர் தேர்வா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் தெருவிலும் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிற ஒரு பிள்ளை இருக்கலாம். வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைத் தேதி தாண்டிவிட்டது என்றோ 6 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். அருகில் உள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ போய்ச் சொல்லுங்கள். அப்படியே அந்தப் பள்ளியின் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். உள்பக்கமாகத் திறந்தால், அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.