வலி என்னும் காவலன்

அடுப்பருகே நின்ற சிறுவன் ஒருவனுடைய கை, கொதிக்கும் பாத்திரத்தின்மேல் பட்டுவிடுகிறது. ‘சுடுகிறதே’ என்று அவன் எண்ணுமுன்னரே கை தானாக விலகிக்கொள்கிறது. எண்ணத்தையும் முந்திக்கொண்டு அவனைக் காத்தது எது? தோலில் பரந்து கிடக்கும் நரம்பே ஆகும்.

தோல் உடலை மூடும் போர்வை மட்டும் அன்று; உலகின் செய்திகளை அறியும் பொறியும் ஆகும். தொடுதலைத் தமிழில் ‘ஊறு’ என்பர். தீங்கிற்கும் அதுவே பெயர். தோலோ இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிகின்றது. மெல்லிய தொடுதலை உணரும் நரம்பு முனைகள் சில. வெப்பத்தையும் தட்பத்தையும் உணர்வன சில. தீங்கு நேருங்கால் மட்டும் விழித்தெழுவன வேறு சில. வெப்பம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசைக் கடந்தால், நரம்பு முனையில் உள்ள நுண்ணிய வாயில் ஒன்று திறக்கின்றது. மின்னூட்டம் உடைய அணுக்கள் அதன் வழியே உட்புகுகின்றன. அதனால் எழும் மின்துடிப்புத் தண்டுவடத்திற்கு விரைகின்றது. கையை விலக்கும் ஆணை அங்கிருந்தே பிறக்கின்றது. மிளகாயின் காரப்பொருளும் இவ்வாயிலையே திறப்பதால்தான் காரம் எரிகின்றது. இவ்வாயிலை 1997ஆம் ஆண்டில் கண்டறிந்த டேவிட் ஜூலியசும், தொடுதலை உணரும் வாயிலை 2010ஆம் ஆண்டில் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

வலியே இல்லாத வாழ்வு இன்பமானது எனச் சிலர் கருதலாம். அஃது எத்துணைக் கொடியது என்பதைக் கண்டவர் மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயால் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்று அந்நாளில் பலரும் நம்பினர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் பெரிதும் முயன்றார், இயலவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைத் திருகினான். பூட்டுத் திறந்தது. ஆனால் தரையில் குருதி சொட்டியது. அவனுடைய விரல், எலும்பு தெரியுமாறு பிளந்திருந்தது! அவனோ அதனை அறியவே இல்லை. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் வலி அவனிடம் இல்லை.

உண்மை புலப்பட்டது. நோய்க்கிருமிகள் அழித்தது நரம்பை. காவல் இழந்த கையைச் சிதைத்தவை நெருப்பும் கருவியும் ஆறாப் புண்ணுமே. ஆகவே பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியதோடு நில்லாமல், கைகால்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துக் காக்கும் பழக்கத்தையும் நோயாளிகளுக்குக் கற்பித்தார். நரம்பு செய்யத் தவறிய பணியைக் கண் ஏற்றுக்கொண்டது.

இன்று தொழுநோயை முற்றும் நீக்கும் மருந்துகள் உள்ளன. ஆயினும் நெடுநாள் மடிந்துகிடந்த நரம்பு மீள்வது அரிது. ஆதலின், உணர்வற்ற தேமல் உடலில் தோன்றுமாயின், வலிக்கவில்லையே என்று வாளா இருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். முள் தைத்தபோது வலியை வெறுப்பவர்கள், அவ்வலியே தம் காலைக் காக்கின்றது என்பதையும் நினைத்தல் நன்று.