ஆறாயிரம் ரூபாய் மெஷின்

"ஆன்லைன்ல ஆறாயிரத்துக்கு வருது மாப்ளே. 58 சிசி, 22 இன்ச் பாரு, கூட ஒரு செயின் சும்மா தர்றான். கம்பெனி மெஷின் அதப்போல நாலு மடங்கு சொல்றான். ரெண்டும் மரத்தத்தானே அறுக்குது?"

ஒரத்தநாட்டிலிருந்து மச்சான் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். காய்ப்பு ஓய்ந்த மரம், இடி விழுந்த மரம், கூன்வண்டு தின்று கொண்டை சாய்ந்த மரம் என்று வருஷத்துக்குச் சில மரமாவது தென்னந்தோப்பில் கழிக்க வேண்டியிருக்கும். கூலிக்கு ஆள் சொன்னால் அவர் வருகிற நாள்தான் நாள். சொந்தமாக மரம் அறுக்கிற மெஷின் (செயின்சா) ஒன்று கிடந்தால் தேவலை என்று யாருக்கும் தோன்றும்.

எனக்கு மெஷின் என்றாலே கஜாதான். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல். விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகிற வழி நெடுக, தோப்பு இருந்த இடத்திலெல்லாம் வெறும் வானம். ரோட்டை அடைத்துக் கிடந்த மரங்களை அரிவாளும் கோடாலியுமாகக் கொத்திக்கொண்டிருந்தோம். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரு மரத்தைத் துண்டு போட்டு, வேர்க்கட்டையைப் பிடுங்கி, தோப்பை விட்டு வெளியேற்ற அந்த 500 எந்த மூலைக்கு? அதற்கு மேல் கொடுத்தாலும் ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் உரக்கடை, மோட்டார் கடை வாசல்களில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக சீனா மெஷின் வந்து இறங்கியது. அதுவரை மெஷினைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட வாங்கினார்கள்.

அவ்வளவு அவசரம் ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிந்திருக்காது. விழுந்த மரம் எங்கே ஓடிவிடப்போகிறது, நிதானமாக அறுக்கலாமே என்று வந்தவர்கள் சொன்னார்கள். விழுந்த தென்னை மட்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். புழு அந்த மட்கிலேயே வளரும். வண்டாகி வெளியே வந்ததும் நிற்கிற மரத்தின் குருத்தைக் குடைந்து தின்னும். புயலுக்குத் தப்பிய மரங்களையும், அடுத்து நடப்போகிற கன்றுகளையும் காப்பாற்ற வேண்டுமானால் செத்த மரத்தைச் சீக்கிரம் அப்புறப்படுத்தியாக வேண்டும். பயந்துபோன கை எந்த மெஷினைத்தான் வேண்டாம் என்று சொல்லும்?

வண்டுப் புழு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இன்று உலகம் முழுக்க ஓடுகிற செயினுக்கும் ஒரு புழுதான் முன்மாதிரி. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் மரம் அறுக்கும் தொழிலில் இருந்த ஜோ காக்ஸ், 1946-இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாக அரித்துக்கொண்டு போவதைக் கவனித்தார். நாரின் போக்கிலும் போனது, குறுக்கிலும் போனது. அதன் தாடையைப் பார்த்து, ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக வளைந்த பல் வைத்து அவர் செய்த செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் செயினின் பல்லும் கை ரம்பத்தின் பல்லைப்போல மரத்தைச் சுரண்டத்தான் செய்தது. காக்ஸின் செயின் செதுக்கியது. இன்று பேர்பெற்ற கம்பெனியின் செயினும் சரி, மச்சான் சொன்ன இலவசச் செயினும் சரி, அந்தப் பல்லின் வழி வந்தவைதான்.

ஆகவே நகல் என்பதற்காகவே ஒரு மெஷினை நான் ஒதுக்க மாட்டேன். காப்புரிமைக் காலம் முடிந்த வடிவத்தை யாரும் செய்யலாம். நம் சந்தையில் 52 சிசி, 58 சிசி என்று விற்கிற மெஷின்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்தான் வேறு. அதில் வாங்குகிறவருக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒன்றின் கார்ப்ரேட்டர் இன்னொன்றில் உட்காரும். காயில், பிஸ்டன், ஸ்டார்ட்டர் எல்லாமே சில நூறு ரூபாயில் மருந்தடிக்கும் மெஷின் சாமான் விற்கிற கடையிலேயே கிடைக்கும். பெரிய கம்பெனியின் ஒரு சாமானுக்கு டவுனுக்குப் போய் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்த அனுபவமும் நமக்கு உண்டு. இந்த வசதியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தன் பெயரில் விற்கிற நகல் வேறு, அடுத்தவன் பெயரையே பொறித்துக்கொண்டு வருகிற போலி வேறு. பெயரையே திருடியவன் உள்ளே பேரிங்கை மட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். கஜாவுக்குப் பிறகு சில மாதம் அவர் பட்டறைக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஒருநாள் ஒரு மெஷினின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, "உள்ள பாருங்க தம்பி" என்று டார்ச் அடித்தார். புகை வெளியேறுகிற ஓட்டை வழியாக பிஸ்டன் பக்கவாட்டில் தெரிந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழுமாகக் கீறல். சிலிண்டர் சுவரிலும் அதே கோடுகள். "ஆயில் சீல் காத்து இழுத்திருக்கு. காத்து கூடி பெட்ரோல் கொறஞ்சா ஆயிலும்தான் கொறையும். எஞ்சின் காய்ஞ்சு ஓடிப் புடிச்சிருச்சு." பிறகு அவர் சொன்னதையெல்லாம் இன்றும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வகை மெஷினுக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் 25-க்கு 1 என்றுதான் போட்டிருக்கும். அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூடி ஆயில். பெரிய கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆயிலுக்குச் சொல்கிற 20 மில்லிக் கணக்கை இதில் போடக் கூடாது. மீந்த பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைக்கக் கூடாது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். மட்டமான ரப்பர் டியூப் அதில் ஊறி நெகிழும், பிறகு வெடிக்கும். அங்கே ஒரு சின்னக் கசிவு விழுந்தால் அடுத்தது பிஸ்டன்தான்.

தென்னையோ மெஷினுக்குப் பொல்லாத மரம். நடுவில் பஞ்சுபோல இருக்கும், வெளிவட்டம் இரும்பு. அந்த நாரில் மணலின் சத்தான சிலிக்கா இருக்கிறது. வேம்பையும் பூவரசையும் நாள் முழுக்க அறுக்கிற செயின் இதில் சீக்கிரமே மழுங்கிப்போகும். எங்கள் தோப்பில் அறுக்க வந்த அண்ணன் அடிக்கடி மெஷினை அணைத்துவிட்டு, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து அரத்தை எடுப்பார். பென்சில் பருமன்கூட இல்லாத உருண்டை அரம். ஒவ்வொரு பல்லுக்கும் உள்ளிருந்து வெளியே இரண்டு மூன்று தேய்ப்பு. ஒரு பக்கப் பல்லெல்லாம் முடித்து, மெஷினைத் திருப்பிவைத்து மறுபக்கம். செயின் கூராக இருந்தால் சீவல் விழும், மழுங்கினால் மாவு விழும். மாவு விழுவதைப் பார்த்தும் மெஷினை அழுத்துகிறவன், செயின் ஓடுகிற பாரைக் கெடுப்பான் என்பார். விலை மலிந்த மெஷினில் இங்கேதான் முதல் அடி. செயினுக்கு எண்ணெய் விடுகிற பம்பு சரியாக ஊற்றாது, பார் சூடேறி ஓரம் நீலம் பாரிக்கும், கூடக் கொடுத்த செயின் நீண்டு தொங்கும். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்கள் அந்தச் செயினை எடுத்து வைத்துவிட்டு, அதே பிட்ச் அளவில் நல்ல செயின் ஒன்றை முதல் நாளே வாங்கிப் போட வேண்டும். ஆறாயிரத்தோடு அந்தக் காசையும் கூட்டித்தான் விலை பார்க்க வேண்டும்.

இதெல்லாம் காசோடு போகிற விஷயம். பக்கத்து ஊரில் கஜா சமயத்தில் நடந்தது காசோடு போகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்த மரங்கள். தோப்புக்காரர் புதிதாக வாங்கிய மெஷினைக் கூலிக்கு வந்த பையன் கையில் கொடுத்திருந்தார். மேல் மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது பாரின் மூக்கு, அதன் மேல் பாதி, பின்னால் மறைந்து கிடந்த மரத்தில் பட்டது. அப்படிப் பட்டால் ஓடுகிற செயின் மரத்தைக் கடிக்க முடியாமல் மொத்தப் பாரையும் பிடித்திருக்கிறவன் முகத்தைப் பார்த்து எறியும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். எந்தக் கைப்பலமும் அதைத் தடுக்காது. அதற்காகத்தான் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பும் அதோடு செயின் பிரேக்கும் வைத்திருக்கிறார்கள். மெஷின் துள்ளும் வேகத்திலேயே பிரேக் விழுந்து, கிளட்ச் டிரம்மைச் சுற்றியிருக்கிற பட்டை இறுக்கிப் பிடித்துச் செயினை நிறுத்த வேண்டும். அன்றைக்கு விழவில்லை. தோளில் வாங்கினான். உயிர் பிழைத்தான், அந்தக் கையால் பிறகு தேங்காய் உரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்ததோடு தோப்புக்காரரின் கணக்கு முடிந்தது.

பட்டறை அண்ணன் அந்த மாதிரி மெஷின் ஒன்றின் கிளட்ச் கவரைத் திருப்பிக் காட்டினார். பட்டை இருந்தது, ஸ்பிரிங் இருந்தது, லீவர் இருந்தது. பார்வைக்கு எல்லாம் கம்பெனி மெஷினில் உள்ளதுபோலத்தான். விரலால் தள்ளினால் லீவர் பாதியில் நின்றது. வார்ப்பில் மிச்சமிருந்த ஒரு பிசிறு தடுத்துக்கொண்டிருந்தது. அரத்தால் ஒரு தேய்ப்பு, தட்டென்று விழுந்தது. அந்த ஒரு தேய்ப்புக்குத் தொழிற்சாலையில் ஆளில்லை. நாலு மடங்கு விலையில் ஒரு பங்கு அந்த ஆளின் சம்பளம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னொரு வகை நகலும் உண்டு. ஸ்டில் கம்பெனி 1960-களில் கொண்டுவந்த 070 என்ற 106 சிசி மாடல், பெரிய மரத்துக்குப் பேர்போனது. அதன் நகல் இப்போதும் சீனாவிலிருந்து வருகிறது. செயின் பிரேக்கும், அதிர்வைத் தாங்கும் அமைப்பும் இல்லாத காலத்து வடிவம் அது. நகலெடுப்பவர்கள் அந்தக் குறைகளையும் அப்படியே எடுத்துத் தருகிறார்கள். அதிர்வு சின்ன விஷயமில்லை. வருஷக்கணக்கில் அதைக் கையில் வாங்குகிறவர்களுக்கு ரத்தக் குழாய் சுருங்கி, குளிர்ந்த காலையில் விரல் வெள்ளையாகிப்போகும். சட்டைப் பொத்தான் போட முடியாது. மருத்துவர்கள் நன்றாக அறிந்த தொழில் நோய் இது. மார்கழியில் டீக்கடை கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிற மரம் அறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மச்சானிடம் இத்தனையும் சொன்னேன். "மெஷினப் புடிக்கப் போறது யாரு மச்சான், நீங்களா?" என்று கேட்டேன். "நானெங்க மாப்ளே, ஆளுவச்சுத்தான்" என்றார். எனக்கு இருந்த தயக்கம் அங்கேதான். தன் கையால், வருஷத்துக்கு நாலு மட்டை, ரெண்டு கட்டை அறுக்கிறவர், பிரேக்கை ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டு ஓட்டுகிறவர், ஆறாயிரம் மெஷினை வாங்கட்டும். நாள் முழுக்க அதையே பிடித்துப் பிழைக்கிறவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. விலை குறைந்த லாபம் வாங்கியவருக்கு, பிரேக் விழாத நஷ்டம் பிடித்தவருக்கு என்ற கணக்கை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இதில் மச்சானுக்கும் எனக்கும் கொஞ்சம் பேச்சு தடித்தது. பரவாயில்லை.

எங்கள் தோப்புக்கு வருகிற அண்ணன் கஜாவுக்கு அடுத்த வருஷம் கம்பெனி மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்தார். காலையில் எரிபொருள் ஊற்றியதும் முதல் வேலை, எஞ்சினை அணைத்து வைத்து, பிரேக்கை விடுவித்து, பின் கைப்பிடியை மட்டும் பிடித்தபடி பாரின் மூக்கை ஒரு கட்டையின் மேல் விழவிடுவார். அந்த அடியிலேயே பிரேக் தானாக விழ வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை விட்டுப் பார்ப்பார். செயின் அசையாமல் நிற்க வேண்டும். வேர் பெயர்ந்து சாய்ந்த மரமென்றால், அறுத்ததும் வேர்க்கட்டை எழும்பித் திரும்ப நிமிரும் என்று பின்பக்கம் யாரையும் நிற்க விடமாட்டார். பூட்ஸ் போடுகிறார், ஹெல்மெட் போடுகிறார். தொடைக்குப் போடுகிற காப்பு உடை ஒன்று உண்டு. அதன் உள்நார் செயினில் சுற்றிக்கொண்டு மெஷினையே நிறுத்திவிடும். அதையும் வாங்கப்போவதாகச் சொன்னார். லுங்கியோடு வந்து அறுக்கிறவர்கள் கேட்பதைவிட அவர் கூலி கூடுதல். மெஷின் தவணையையும் அந்த உடையின் விலையையும் கூலியில் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலர் அதற்காகவே வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வடக்கு வரப்பில் எங்கள் மரம் சிலவற்றைக் கழிக்க வேண்டும். அவர் கேட்ட கூலிக்குச் சரியென்று சொல்லி, செயினுக்கும் அரத்துக்கும் தனியாகக் கொடுத்து நாள் குறித்திருக்கிறேன்.