மாமி போட்ட கையெழுத்து



உங்கள் ஊரில் பொது நூலகம் ஒன்று இருக்கிறதா? அநேகமாக இருக்கும். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று ஏதாவது ஒன்று அதை நடத்திக்கொண்டிருக்கும். நீங்கள் அதற்குள் கடைசியாகப் போனது எப்போது? பிள்ளைக்குப் பாடசாலையில் கொடுத்த ஒப்படைக்குப் படம் தேடப் போயிருப்பீர்கள். மகனின் அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்து வைக்கப் போயிருப்பீர்கள். உங்களுக்காக என்று ஒரு நாள் போனதுண்டா?

நானும் போனதில்லை. இத்தனைக்கும் நான் ஒரு ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து "வாசியுங்கள், வாசியுங்கள்" என்று சொன்னவள். என்னுடைய அங்கத்துவ அட்டை அலுமாரிக்குள் வருடக்கணக்காகக் கிடந்தது.

காரணம் இருந்தது. கண்டி மாவட்டத்தில் ஒரு சிறிய நகரம் எங்களுடையது. அங்கே நூலகத்தின் கீழ்த் தட்டில் பத்திரிகைப் பகுதி. காலையிலிருந்து மாலை வரை ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து பத்திரிகை பார்ப்பார்கள். இரவல் வழங்கும் பகுதி மேல் தட்டில். அவர்கள் அத்தனை பேரையும் கடந்துதான் படி ஏற வேண்டும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நமக்குக் கால் தயங்கும் அல்லவா?

மாதாந்தம் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றும் நடந்தது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு. அஸர் தொழுது, தேநீர் ஊற்றி, இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களையும் நேரம் அது. கூட்டம் முடிய மஃரிபாகிவிடும். எந்தப் பெண் போவாள்? கவிஞர்களும் ஓய்வுபெற்ற அதிபர்களும் ஒருவருக்கொருவர் பேசிக் கலைந்து போவார்கள். "பெண்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

2008ஆம் ஆண்டு புதிதாக ஒரு பெண் நூலகர் வந்தார். சிங்களச் சகோதரி. தமிழ் நன்றாகக் கதைப்பார். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் அல்லவா? அதற்காகப் பாடசாலைகளுக்கு வந்தவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், உங்கள் பக்கத்துத் தாய்மார் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை?"

நான் நேரத்தைச் சொன்னேன். கீழ்த் தட்டைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. அடுத்த மாதமே பெண்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்தார். மாதத்தின் முதல் புதன்கிழமை, காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, பகல் சமையலுக்கு முன்பு. பின்பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கதவைத் திறந்து, சிறுவர் பகுதியில் பாய் விரித்தார். அவ்வளவுதான் செலவு. நான் அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தேன். பிள்ளைகளுக்கு ஒக்டோபரில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே எனக்கும் தட்டிக் கழிக்க வழியில்லாமல் போயிற்று.

முதல் மாதம் வந்தவர்கள் ஏழு பேர். ஒரு மணித்தியாலம் ஒரு கதையைச் சத்தமாக வாசித்தோம். மிகுதி நேரம் கதைத்தோம். அடுத்த மாதம் பதினொரு பேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு விடயம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் வங்கிச் சீட்டும் அடையாள அட்டை விண்ணப்பமும் நிரப்பப் பழகினோம். ஒரு மாதம் மிட்வைஃப் மிஸ் வந்து, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச் சோகை பற்றியும், கிளினிக்கில் தரும் திரிபோஷவை வீட்டில் எல்லோருமாகப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிடக் கூடாது என்பது பற்றியும் சொன்னார். ஒரு மாதம் எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைக் கொண்டு வந்தோம். நம் பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது எத்தனை விதமாக எழுதிவிடுகிறார்கள்! வாப்பாவின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. பரீட்சைக்கும் கடவுச்சீட்டுக்கும் அலையும்போதுதான் அந்தப் பிழை கண்ணில் படும். அன்றைக்கு அங்கேயே நாலு பேரின் பத்திரத்தில் பிழை கண்டுபிடித்தோம்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். அது என் பிழை.

எனது மாமி, அதாவது கணவரின் உம்மா, எங்களோடுதான் இருந்தார். அப்போது அவருக்கு எழுபது வயது. "வாங்க மாமி, சும்மா வந்து இருங்க" என்று நானே கூட்டிப் போனேன். அவர் முதலில் மறுத்தார்.

"எனக்கு எழுத்து ஏலாதே மகள். நான் போய் என்ன செய்யிற?"

"நாங்க வாசிப்போம், நீங்க கேளுங்க" என்றேன்.

வந்தார். கதை கேட்பதில் அவருக்கு இருந்த ஆசையை அதற்கு முன் நான் கண்டதில்லை. மூன்றாவது மாதம் எல்லோருக்கும் அங்கத்துவ அட்டை எடுப்பது என்று முடிவானது. சோலை வரி செலுத்துபவர் ஒருவரின் பிணை வேண்டும். என் கணவர் பிணை நின்றார். படிவங்களை நிரப்பும் வேலை என்னுடையது. மாமியின் படிவத்தில் 'கல்வித் தகைமை' என்ற இடத்தில் நான் யோசிக்கவே இல்லை. "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று எழுதினேன்.

அன்றைக்குக் காரியாலயத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். படிவத்தை எடுத்து அந்த வரியை எல்லோர் முன்னாலும் உரத்து வாசித்தார். பிறகு மைப் பெட்டியை மாமியின் பக்கம் தள்ளி, "பெருவிரலை வையுங்கள்" என்றார். மாமி வைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுத்த மாதம் "முழங்கால் வலி" என்றார். அதற்கு அடுத்த மாதமும் அதுதான். நான் அந்தக் காரியாலயக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசித்தது நான் எழுதிய வரி என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் மாதம் "வீட்டிலுள்ள பழைய புத்தகங்களைக் கொண்டு வாருங்கள்" என்று அறிவித்தோம். மாமியின் பெட்டகத்தில், துணியில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் அதை விரித்து ராகத்தோடு முணுமுணுப்பார். கேட்டுக்கொண்டு எடுத்துப் போனேன். தன் புத்தகம் தனியாகப் போக மாமிக்கு மனம் வரவில்லை போலும், பின்னாலேயே அவரும் வந்தார்.

நூலகர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இது என்ன மொழி?" என்று கேட்டார்.

"அரபு" என்றேன் நான்.

"அரபு இல்ல மகள். தமிழ்தான்" என்று கதவோரத்திலிருந்து மாமி சொன்னார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நூலகர் புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். மாமி வலப் பக்கத்திலிருந்து விரலை ஓட்டி வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கு விளங்கியது. ஒரு தாய் தன் மகளுக்குப் புத்தி சொல்லும் பாட்டு. சமையல், பெருநாள், அயலாரோடு நடந்துகொள்ளும் முறை என்று போனது. நடுவில் ஓர் இடத்தில் எல்லோரும் சிரித்தோம். பட்டதாரிப் பெண்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவராலும் அதில் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

சகோதரிகளே, அதுதான் அரபுத் தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அதே எழுத்துகளில் மேலதிகப் புள்ளிகளும் குறிகளும் இட்டு எழுதினார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களிலும் நம் மூதாதையர் பல தலைமுறைகளாக இதில் எழுதினார்கள், அச்சிட்டார்கள். மார்க்க சட்ட நூல்கள், மாலைகள், முனாஜாத்துகள், கடிதங்கள், வீட்டுக் கணக்குகள் வரை இதில் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இந்த எழுத்தில் எழுதிய பெரியவர்களுள் ஒருவர். பெண் பிள்ளைகள் பெரிய பிள்ளையானதும் பாடசாலைக்கு அனுப்பப்படாத அந்தக் காலத்தில், ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகிய பெண்ணுக்கு இந்த எழுத்து கைவந்துவிடும். அதன் வழியாக அவள் தமிழ் நூல்களை வாசித்தாள். பிறகு தமிழ் எழுத்துப் பாடநூல்களும் பத்திரிகைகளும் பரவின. அரபுத் தமிழ் கைவிடப்பட்டது. அதை வாசிக்கத் தெரிந்த பெண்களைக் கணக்கெடுப்பு எழுத்தறிவில்லாதவர்கள் என்று எண்ணியதோ இல்லையோ, வீட்டில் நாங்கள் அப்படித்தான் எண்ணினோம்.

அன்றைக்கு நூலகர் ஒன்று சொன்னார். "எனக்கும் தமிழ் கதைக்கத்தான் தெரியும், டீச்சர். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. என்னை யாரும் படிக்காதவள் என்று சொல்வதில்லையே."

எனக்குப் பதில் வரவில்லை. மாமியின் படிவத்தைக் கேட்டு வாங்கி, நான் எழுதிய வரியை வெட்டினேன். அந்த இடத்தில் "அரபுத் தமிழ் வாசிப்பார்" என்று எழுதினேன். நூலகர் வரவுப் பதிவேட்டை மாமியிடம் நீட்டினார். மாமி பேனையைக் கையில் வாங்கி, வெகு நேரம் யோசித்து, வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினார். 1956இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது பதிவில் கையெழுத்து வைத்தவர் அவருடைய வாப்பா. காணி உறுதியில் பெருவிரல் அடையாளம். எனக்குத் தெரிந்தவரை அவர் போட்ட முதல் கையெழுத்து அந்த நூலகப் பதிவேட்டில்தான்.

அதற்குப் பிறகு அவருடைய முழங்கால் வலி மாறிவிட்டது. ஒவ்வொரு மாதமும் கடைசி அரை மணித்தியாலம் அவருக்கு. அவர் வாசிப்பார், இளையவர்கள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தின் பெரும் பகுதியை எழுதி முடித்தோம். முடிக்காத பக்கங்கள் மாமியோடு போய்விட்டன. 2011இல் அவர் வபாத்தானார். அந்தப் பக்கங்களை இன்றைக்கு எங்கள் ஊரில் வாசிக்க ஆளில்லை.

1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி இரவோடு இரவாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து போனதை நாம் அறிவோம். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏட்டுச் சுவடிகள் உட்பட, சாம்பலாயின. அந்த நெருப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆனால் நம் பெட்டகங்களுக்குள் நெருப்பே இல்லாமல் எத்தனை நூல்கள் போகின்றன? புத்தகம் இருந்தும், அதை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் அதுவும் போனதுதானே?

யுனெஸ்கோ நிறுவனம் 1949இல் பொது நூலகங்களுக்கென்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. கடைசியாக 2022இல் அது புதுப்பிக்கப்பட்டது. பொது நூலகம் வயது, பால், மொழி, சமயம், அந்தஸ்து பாராமல் எல்லோருக்கும் உரியது என்பதே அதன் சாரம். ஆகவே நூலகத்தில் பெண்களுக்கு ஒரு காலைப் பொழுது கேட்பது சலுகை கேட்பதாகாது. அது நம் வரிப் பணத்தில் நடக்கும் இடம்.

எங்கள் அனுபவத்தில் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் நேரத்தைக் கேளுங்கள். நேரம் சரியானால் பாதி வேலை முடிந்தது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நூலகர் மறுப்பது குறைவு. மாதத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் மாறினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். பேச்சாளரைத் தேடி அலைய வேண்டாம். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டாலே போதும். வாசிக்கத் தெரியாதவர் கூட்டத்தில் கூச்சப்படாமல் இருப்பதும் அதனால்தான். கையெழுத்து வைக்க முடியாதவரிடம் மைப் பெட்டியை நீட்டுவதற்கு முன், "உங்களுக்கு எந்த எழுத்துத் தெரியும்?" என்று கேளுங்கள். பழைய புத்தகம் கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் 2005இலிருந்து இயங்குகிறது. முஸ்லிம்களின் ஆவணங்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள்.

எங்கள் புதன்கிழமை இன்னும் நடக்கிறது. பாய் மாறி நாற்காலி வந்துவிட்டது. சில மாதங்களில் முப்பது பேர், சில மாதங்களில் ஆறு பேர். ஆறு பேர் வந்தாலும் கதவைத் திறக்கிறோம்.

அடுத்த மாதம் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். "எனக்கு எழுத்து ஏலாது" என்று சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். படிவத்தை நிரப்பும்போது அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் கேட்காமல் எழுதினேன்.