ஒரு வாளி, ரெண்டு வண்டு, நாலு தோப்பு

இயற்கையைப் பாத்துக் காப்பியடிச்ச தொழில்நுட்பம்னு யாராவது எழுத ஆரம்பிச்சா, மூணு பேர் தவறாம ஆஜர் ஆயிடுவாங்க. நாய் ரோமத்துல ஒட்டிக்கிட்ட காயைப் பாத்து 1941ல வெல்க்ரோ யோசனையைப் பிடிச்ச சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல். ஜப்பான் புல்லட் ரயிலுக்கு மீன்கொத்தியோட அலகை மாட்டிவிட்ட எய்ஜி நகாட்சு. தாமரை இலையில தண்ணியும் அழுக்கும் ஏன் ஒட்டலைன்னு 1997ல கட்டுரை எழுதின ஜெர்மனிக்காரர் பார்த்லாட். (தாமரை இலைத் தண்ணீர்னு நம்ம பாட்டிங்க எத்தனை வருஷமா சொல்றாங்க, காப்புரிமை யாருக்குன்னெல்லாம் கேக்கப்படாது.)

எங்க தேனி மாவட்டத்துக்கு வந்தீங்கன்னா ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையா காத்தாலை நிக்கும். அந்த மாதிரி காத்தாலை இறக்கையோட இரைச்சலைக் குறைக்க, ஆந்தைச் சிறகைப் பாத்து ஓரத்துல ரம்பப் பல்லு மாதிரி வைக்கிற கம்பெனிகள் இருக்கு. ஆந்தை சத்தமே இல்லாமப் பறக்குதில்லையா, அதான் விஷயம்.

எல்லாம் நல்ல கதைங்கதான். ஆனா நான் சொல்ல வந்தது கம்பத்துக்குப் பக்கத்துல எங்க சித்தப்பா தோப்புல இருக்குற ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பத்தி.

கம்பம் பள்ளத்தாக்குன்னா எல்லாருக்கும் பன்னீர் திராட்சைதான் ஞாபகம் வரும். 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. ஆனா முல்லைப் பெரியாத்துத் தண்ணி பாயுற இடமெல்லாம் தென்னையும் உண்டு. தென்னை இருந்தா வண்டும் உண்டு. அதுல முக்கியமான வில்லனுங்க ரெண்டு பேர்.

முதல் ஆள் காண்டாமிருக வண்டு. தலையில கொம்பு இருக்கும். ராத்திரி பறந்து வந்து விரியாத குருத்தைக் குடைஞ்சு சாறு குடிக்கும். அந்தக் குருத்து பிற்பாடு விரியும்போது மட்டையை யாரோ கத்திரிக்கோலால விசிறி மாதிரி வெட்டி வச்ச கணக்கா இருக்கும். முட்டை போடுறது எருக்குழியிலயும் மக்கிப்போன தென்னங்கட்டையிலயும்.

ரெண்டாவது ஆள் சிவப்புக் கூன்வண்டு. இது கமுக்கமான கொலைகாரன். காண்டாமிருக வண்டு போட்ட காயத்துல வந்து முட்டை வைக்கும். புழு தண்டுக்குள்ளயே இருந்து தின்னும். மரத்துல காதை வச்சா கரகரன்னு சத்தம் கேக்கும், ஓட்டையில பழுப்பு நிறத்துல சாறு வடியும். ஆனா அந்த நிலைமைக்கு வந்துட்டா பெரும்பாலும் கதை முடிஞ்சது. நம்ம ஆசியாவுல பொறந்த இந்த வண்டு 1980கள்ல வளைகுடா நாட்டுப் பேரீச்சைக்குப் போய், 1990கள்ல ஸ்பெயின் வரைக்கும் போயிருச்சு. (நம்மாளுங்களை விட வேகமா விசா கிடைச்சிருக்கு.)

சித்தப்பா தோப்புல அறுபது மரம். அத்தனையும் தாத்தா வச்சது. ஒரே வருஷத்துல அதுல ஏழு மரம் போச்சு. முப்பது வருஷமா நின்ன மரத்தை வெட்டிச் சாய்க்கிறப்போ சித்தப்பா அந்தப் பக்கமே வரலை. "மீதியையும் இப்படி விட்டுட்டு இருக்குறதுக்கு நிலத்தைக் குடுத்துரலாம்டா தம்பி"ன்னு போன்ல சொன்னாரு. அதுக்கு அடுத்த மாசம் வந்ததுதான் இந்த வாளி.

பாக்க ஒண்ணுமே இருக்காது. வாளிக்கு மூடி, மூடிக்குக் கீழ நாலு ஜன்னல், வண்டு பிடிச்சு ஏற வெளியில சுத்தின சாக்கு. உள்ள தண்ணி, அதுல புளிச்ச வாழைப்பழமோ வெல்லமோ. மூடியோட உள்பக்கம் ஒரு சின்ன பாக்கெட். தொழில்நுட்பம் மொத்தமும் அந்தப் பாக்கெட்டுக்குள்ளதான்.

ஆண் வண்டு தனக்கு ஏத்த மரம் கிடைச்சதும் ஒரு வாசனையை விடும். "இங்க சாப்பாடு இருக்கு, எல்லாரும் வாங்க"ன்னு அர்த்தம். ஆண், பெண் ரெண்டும் வரும். இதுக்கு இனக்கவர்ச்சி வாசனை மாதிரி ஒரு ஜோடிக்கான வேலை கிடையாது, கூட்டம் சேக்குறதுதான் வேலை. கூன்வண்டோட வாசனை என்ன வேதிப்பொருள்னு 1993ல கண்டுபிடிச்சாங்க. காண்டாமிருக வண்டோடது அதுக்கப்புறம் ஓரிரு வருஷத்துல. ரெண்டையும் இப்போ ஆலையில செஞ்சு பாக்கெட்ல போட்டு விக்கிறாங்க. வண்டு பேசுற பாஷையில நாம பொய் சொல்றோம், அவ்ளோதான்.

இந்தப் பாஷையில முதல் வார்த்தையைப் படிக்கவே ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க. ஜெர்மனியில புடெனாண்ட்ங்கிற வேதியியல் மேதை கிட்டத்தட்ட இருபது வருஷம் மெனக்கெட்டு, சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகள்ல இருந்து துளியூண்டு வாசனைப் பொருளைப் பிரிச்சு 1959ல வெளியிட்டாரு. ஃபெரோமோன்ங்கிற பேரும் அதே வருஷம்தான் வந்துச்சு.

வாளி வச்ச முதல் வாரம் 23 வண்டு. சித்தப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு, என்னமோ பேரன் பொறந்த மாதிரி.

பிரச்சனை மூணாவது வாரம் வந்துச்சு. பக்கத்துத் தோப்பு மாமா டீக்கடையில வச்சு, "ஏம் மாப்ள, உன் வாளி ஊர்ல இருக்குற வண்டையெல்லாம் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுது. வர்றதுல பாதி வாளியில விழுது, மீதி என் தோப்புல இறங்குது. இது நியாயமா?"ன்னு கேட்டுட்டாரு. சித்தப்பாவுக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ரெண்டு பேரும் ஒரு மாசம் பேசிக்கலை.

மாமா படிச்சது ஆறாம் வகுப்பு. ஆனா அவர் சொன்னது அப்பட்டமான அறிவியல். வாசனைக்கு வர்ற எல்லா வண்டும் வாளிக்குள்ள போறதில்ல. சிலது பக்கத்து மரத்துலயே தங்கிடும். அதனாலதான் இளங்கன்னுகிட்ட வாளியை வைக்காதேன்னு சொல்றாங்க. ஒரே ஆள் வச்சா அது பொறி, ஊரே வச்சாத்தான் அது பாதுகாப்பு.

நான் ஆணி புடுங்குற இடத்துல லாரிகளுக்கு வழி போட்டுக் குடுக்குற மென்பொருள் எழுதுறோம். அதுக்குள்ள இருக்குறது எறும்பு. மார்கோ டோரிகோங்கிற இத்தாலிக்காரர் 1992ல தன்னோட ஆய்வேட்டுல எழுதின முறை. ஒவ்வொரு எறும்பும் போற வழியில வாசனை போட்டுட்டுப் போகும். குறுகின வழியில எறும்பு சீக்கிரம் போய்த் திரும்புறதால அங்க வாசனை சேரும், மத்த வழியில ஆவியாயிடும். கடைசியில கூட்டமே நல்ல வழிக்கு வந்துடும். இந்த நிரல்ல எறும்பு எண்ணிக்கையை ஒண்ணுன்னு வச்சு ஓட்டிப் பாருங்க, பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்தும். புத்தி எறும்புக்குள்ள இல்லை, எறும்புகளுக்கு நடுவுல இருக்கு.

நாம வண்டுகிட்ட இருந்து எடுத்தது வாசனையை மட்டும்தான். அந்த வாசனை எதுக்காக உருவாச்சோ அந்த "எல்லாரும் வாங்க"வை எடுக்கலை. வெல்க்ரோவை ஒருத்தர் வாங்கி ஒருத்தர் ஒட்டிக்கலாம். இதை அப்படி முடியாது.

ஊருக்குப் போனப்போ இதை மாமாகிட்ட சொன்னேன். (எறும்பு நிரலை விட்டுட்டு.) "அதைத்தானடா நானும் அன்னைக்கே சொன்னேன், அதுக்கு எதுக்கு இஞ்சினியரிங்கு"ன்னாரு. அப்புறம் அவரே இறங்கி வந்தாரு. வாளி வாங்க மாட்டேன், எங்கப்பா காலத்து வித்தை இருக்குன்னுட்டு, சின்னச் சின்ன மண்பானையில ஆமணக்குப் புண்ணாக்கை ஊறப் போட்டுத் தோப்புல அங்கங்க வச்சாரு. அந்த நாத்தத்துக்கும் காண்டாமிருக வண்டு வந்து விழும். வேளாண் பல்கலைக்கழகமே சிபாரிசு பண்ற முறைதான். மேற்கால இருக்குற ரெண்டு தோப்புக்காரங்க வாளி வாங்கினாங்க. நாலு தோப்புலயும் எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கி, மக்கின கட்டையை எல்லாம் அப்புறப்படுத்தினாங்க.

அஞ்சாவது தோப்பு சென்னையில இருக்குற ஒருத்தரோடது. செத்த மரம் அப்படியே நிக்குது. போன் பண்ணினா "பாக்கலாம்"ங்கிறாரு. வண்டுக்கு அது போதும்.

சித்தப்பா தோப்புல அதுக்கப்புறம் ரெண்டு மரம் போச்சு. ஏழு இல்லை, ரெண்டு. நிலத்தைக் குடுக்குற பேச்சை இப்போதைக்கு எடுக்குறதில்ல.

பி.கு: வாளி வச்சிருக்குற மக்களே, அந்தப் பாக்கெட் சில மாசத்துல தீந்துடும், மறக்காம மாத்துங்க. வாசனை போன வாளி வெறும் வாளிதான். அப்படியே பக்கத்துத் தோப்புக்காரரோட பேச்சு வார்த்தையும் இருக்கான்னு பாத்துக்கோங்க. உங்க ஊர்ல வேற வித்தை ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சித்தப்பாகிட்ட சொல்லிடுறேன்.