திண்ணையில் ஓர் இச்சி மரம்

எங்கள் இல்லத்தின் மேற்குத் திண்ணையில் ஒன்றேகால் அடி உயரமே உள்ள ஓர் இச்சி மரம் இருக்கிறது. அதைச் செடி என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. அடித்தண்டு ஒரு முழங்கைப் பருமன் இருக்கும். வேர்கள் முதியவர் ஒருவரின் கைவிரல்களைப் போலச் சட்டி மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும். வீட்டிற்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தவறாமல் கேட்பார்கள். "என்ன விலை?" என்பது ஒன்று, "பாவம் இல்லையா?" என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை எளிது. அது விலை கொடுத்து வாங்கியதன்று. இரண்டாவது கேள்வியை எங்களிடம் முதன்முதலாகக் கேட்டவர் எங்கள் அன்னையார்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் வீசிய கஜாப் புயலைக் கந்தர்வக்கோட்டை வட்டாரத்தார் எவரும் மறந்திருக்க இயலாது. நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய அக்காற்று, புதுக்கோட்டை மாவட்டத்தின் குறுக்கே மேற்கு நோக்கிச் சென்றது. கடலுக்கு இவ்வளவு தொலைவிலுள்ள நமக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றெண்ணிப் படுத்தவர்கள், காலையில் கதவைத் திறந்தபோது வானம் முன்னிலும் பெரிதாகத் தெரிந்தது. தென்னையும் பலாவும் தேக்கும் வேரோடு கிடந்தன. எங்கள் செம்மண்ணுக்குப் பெயர் தேடித் தந்த முந்திரித் தோப்புகளோ, மிதித்துப் போட்ட கோரைப் பாய்களைப் போலக் கிடந்தன. மின்சாரம் திரும்பி வருவதற்குப் பல நாட்களாயின. அந்த இருட்டில் விளக்கேற்றிக் குடும்ப செபம் சொன்னபோது, காரியம் முடிகிற இடத்தில் எல்லாருடைய குரலும் தடுமாறியது.

எங்கள் தந்தையார் நட்ட பலா, கொல்லைக் கிணற்றின்மேல் சாய்ந்து கைப்பிடிச் சுவரைப் பிளந்துவிட்டது. அதை வெட்டி அகற்றியபோதுதான் செங்கல் இடுக்கில் அந்த இச்சியைக் கண்டோம். பறவையின் எச்சத்தில் வந்த விதை, எத்தனை ஆண்டுகளாக அங்கிருந்ததோ! உயரம் ஒரு சாண். அடியோ கட்டைவிரலைவிடத் தடிப்பு. கொத்தனார் பிடுங்கி எறியத்தான் கையை வைத்தார். அது வருவதாக இல்லை. "இது சுவரைத் தின்னுட்டு இருக்குது சார்" என்றார். நெடிய மரங்களெல்லாம் விழுந்து கிடந்த கொல்லையில் நின்றுகொண்டிருந்தது அது ஒன்றே. நான்கு செங்கற்களோடு சேர்த்துப் பெயர்த்துத் தரும்படி கேட்டு வாங்கி, ஓட்டை வாளி ஒன்றில் வைத்தோம். அன்று போன்சாய் என்னும் சொல்லையே நாங்கள் சரியாக அறியோம்.

பிறகு அறிந்துகொண்டோம். சட்டியில் மரம் வளர்க்கும் கலை சீன நாட்டில் தோன்றி, ஜப்பானியர் கையில் தனி வடிவம் பெற்றது. போன்சாய் என்றால் தட்டத்தில் நட்டது என்றே பொருள். மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவது என்று பலரும் எண்ணுகிறார்கள். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. பட்டினி கிடக்கும் மரம் சட்டியில் சாகும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, மாசி முடிந்து வெயில் ஏறும் வேளையில், மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, தடித்த வேர்களை நறுக்கி, நார் போன்ற வேர்களை விட்டுவைத்துப் புதுமண்ணில் நடவேண்டும். மேலே கிளைகளைக் கவாத்து செய்யவேண்டும். வேரும் கிளையும் ஒன்றுக்கொன்று நிறைவாக இருக்கும்வரை மரம் நலமாகவே இருக்கும். இச்சி, ஆல், அரசு போன்றவை இதற்கு இணங்கும் இனங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும், பத்தே நாளில் புதுத் துளிர் காட்டும்.

முந்திரி அவ்வாறு இணங்குவதில்லை. ஊர்ப்பற்றின் மிகுதியால் விழுந்த தோப்பிலிருந்து மூன்று முந்திரிக் கன்றுகளைப் பெயர்த்து வந்தோம். ஆணிவேர் அறுந்த அன்றே அவற்றின் கதை முடிந்துவிட்டது. மூன்றும் கருகின.

கிளைக்கு வளைவு தருவதற்கு அலுமினியக் கம்பியைச் சுற்றுவார்கள். சுற்றுவது எளிது, காலத்தில் அவிழ்ப்பதே அரிது. ஒரு மழைக்காலத்தில் நாங்கள் மறந்திருந்தபோது மரம் பருத்துக் கம்பியை விழுங்கத் தொடங்கிவிட்டது. வெட்டி வெட்டி எடுத்தோம். இடப்புறக் கிளையில் திருகாணி போன்ற தழும்பு இன்றும் இருக்கிறது. விருந்தினர் அதை அழகென்று புகழும்போது நாங்கள் வாய் திறப்பதில்லை.

இனிச் சட்டியின் கதை. கடைகளில் கிடைத்த பிளாஸ்டிக் தட்டங்கள் எங்கள் வெயிலில் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. அண்மைச் சிற்றூர் ஒன்றில் பானை வனையும் முதிய வேளார் ஒருவரிடம் சென்றோம். புதுக்கோட்டைச் சீமையில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரை செய்யும் மரபு இன்னும் வாழ்கிறது. அவரும் அந்த மரபினர். நான்கு விரல் உயரம், ஒரு முழ நீளம், அடியில் இரண்டு துளை, நான்கு கால் என்று நாங்கள் காகிதத்தில் வரைந்து காட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரையா, சட்டின்னா தண்ணி நிக்கணும். நீங்க தண்ணி ஓடுற சட்டி கேக்குறீங்க."

"ஆமாம் வேளாரே, நின்றால் வேர் அழுகிவிடும்."

"அப்ப இது சட்டி இல்லை, வடிகட்டி" என்று சொல்லிச் சிரித்தார்.

சக்கரத்தில் சுற்றினால் வட்டந்தான் வரும். நாங்கள் கேட்டதோ நீள்சதுரம். களிமண்ணைப் பலகைபோலத் தட்டி ஒட்டினார். காயும்போதே முதற்சட்டியின் மூலைகள் விண்டன. இரண்டாவது சட்டி, சூளையில் அப்பளம் போல நெளிந்துவிட்டது. ஈரக் களிமண் காய்ந்து சுடப்படும்போது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். தட்டையான பரப்பில் அந்தச் சுருக்கம் ஒருசீராக நிகழ்வதில்லை. பிறகு அவராகவே ஒரு வழி கண்டார். குதிரை உடலுக்குச் சேர்ப்பதுபோல் களிமண்ணில் உமியும் மணலும் கலந்தார். நீள்சதுரத்தைக் கைவிட்டு, பெரிய பானையின் அடிப்பாகம் போல் வனைந்து, அரையுலர்வில் உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி நீள்வட்டமாக்கினார். இந்த மூன்றாவது சட்டி நெளியவில்லை. மெருகு இல்லை, பூச்சு இல்லை. விளிம்பில் அவருடைய கட்டைவிரல் பதிந்த பள்ளம் ஒன்று மட்டும் உண்டு.

ஜப்பானில் டொக்கொனாமே என்னும் ஊர் இத்தகைய சட்டிகளுக்குப் பேர்பெற்றது. அங்கே மிகுந்த வெப்பத்தில் சுடுவதால் சட்டி நீரை உறிஞ்சாது, உறைபனியிலும் வெடிக்காது. எங்கள் வேளாரின் விறகுச் சூளைக்கு அவ்வளவு வெப்பம் கிட்டாது. அவர் செய்த சட்டி நீரைக் குடிக்கும், குடித்ததை வியர்க்கும். ஆனால் கந்தர்வக்கோட்டைச் சித்திரை வெயிலில் அந்த வியர்வைதானே வேருக்குக் குளிர்ச்சி! பானைத் தண்ணீர் குளிர்வதும் அவ்வாறுதான். எங்களுக்கு டொக்கொனாமே தேவைப்படவில்லை. மண்ணும் அவ்வாறே உள்ளூரில் அமைந்தது: செங்கல் நொறுக்கு, செம்பாறைச் சரளை, ஆற்று மணல், மக்கிய மாட்டுச் சாணம், இலைமக்கு.

2020-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் அன்னையாருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. தஞ்சையில் மருத்துவம் முடித்து வீட்டிற்குக் கொணர்ந்த சில நாட்களில் நாடெங்கும் ஊரடங்கு. ஆலயத்தில் மக்கள் கூடுவது நின்றுபோயிற்று. மாதந்தோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொணரும் பங்குத் தந்தையும் வர இயலவில்லை. அன்னையார் ஓர் அறையில் ஒரு கட்டிலில் இருந்தார். அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று இச்சி மரத்தைச் சன்னலோரம் வைத்தோம். அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடியெடுத்து அவர் கேட்டார்:

"இதையும்... என்னையப் போல... அடச்சுப் போட்டீங்களா தம்பி? பாவம் இல்லையா?"

வேரும் கிளையும் நிறைவாக இருப்பதைப்பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னோம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மரத்தை மீண்டும் திண்ணைக்கே கொண்டுபோய்விட்டோம்.

மறு ஆண்டு சித்திரையில், தவிர்க்கவியலாத திருமணம் ஒன்றிற்காக நாங்கள் இருவரும் இரண்டு நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. உதவிக்கு ஒரு பெண்ணை அமர்த்தினோம். மருந்து, உணவு, துணி என எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். மரத்தை எழுத மறந்தோம். எங்கள் வீட்டுத் திண்ணை வெயிலில் நான்கு விரல் ஆழ மண் ஒரே பகலில் உலர்ந்துவிடும். கோடையில் காலையும் மாலையும் நீர் வேண்டும். திரும்பி வந்தபோது இலைகள் சுருண்டு தரையில் கிடந்தன. உள்ளே அன்னையார் அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண் பதறிப்போய்ச் சொன்னாள்: "ரெண்டு நாளா தண்ணி தண்ணின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்கம்மா. குடுத்தா குடிக்க மாட்டேங்கிறாங்க. வாசலைக் காட்டிக் காட்டி அழுறாங்க."

அவள்மீது குற்றமில்லை. சன்னல் வழியே அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வாய் சொன்னது சரியான சொல்தான். கேட்டவருக்குத்தான் பொருள் விளங்கவில்லை. பாவம் இல்லையா என்று அவர் கேட்டிருந்த கேள்வி அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை. மரம் என்று எண்ணித்தான் அதற்கு விடை சொல்லியிருந்தோம். அவர் கேட்டது மரத்தை மட்டுமா? உணவும் மருந்தும் வேளை தவறாமல் கொடுத்தோம். அவர் சொல்வது விளங்கும்வரை அருகில் அமர்ந்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். வெட்கமாக இருந்தது.

மறுநாளே கட்டிலைத் திண்ணைக்கு மாற்றினோம். மரத்தைக் கட்டிலுக்கு இடப்புறம், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு முக்காலியில் வைத்தோம். இருபத்தோராம் நாள், நடுத்தண்டில் கடுகளவு பச்சை தெரிந்தது. முதலில் கண்டவர் அவரே. அதற்குப்பின் நீர் ஊற்றும் வேலையை எங்களுக்கு விட்டுக் கொடுக்கவில்லை. சிறு செம்பில் இடக்கையால் மெல்ல ஊற்றுவார். பாதி முக்காலியில் சிந்தும். ஊற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருப்பார். துளை வழியே கீழே வைத்த தட்டில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை கேட்டால்தான் செம்பை வைப்பார். எங்களுக்கு எந்தப் புத்தகமும் அந்த முறையைச் சொல்லவில்லை. போதும் என்று மரமே சொல்வதை அவர் கேட்டார்.

மாலை வேளைகளில் செபமாலை முடிந்ததும் எதையாவது படித்துக் காட்டுவோம். ஒருநாள் ஹிரோஷிமா மரத்தின் வரலாற்றைச் சொன்னோம். 1625 முதல் சட்டியில் பேணப்பட்ட ஊசியிலை மரம் அது. அந்நகரின் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் அவர்கள் வீடு இருந்தது. கண்ணாடிகள் நொறுங்கின, தோட்டத்துச் சுவர் மரங்களைக் காத்தது, வீட்டாரும் உயிர் பிழைத்தனர். அமெரிக்கா தன் 200-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 1976-இல் ஜப்பான் 53 போன்சாய் மரங்களை அந்நாட்டுக்கு அன்பளிப்பாக வழங்கியது. அவற்றுள் ஒன்றாக மசாரு யமாகி தம் மரத்தைக் கொடுத்தார். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது வாஷிங்டனில் அதைப் பேணியவர்களுக்குத் தெரியாது. 2001-இல் அவருடைய பேரர்கள் அங்குச் சென்று விசாரித்தபோதே செய்தி வெளியாயிற்று.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பகைவருக்கு அன்பு செய்வதைப்பற்றி ஏதேனும் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

"அங்க... தண்ணி ஊத்துறது யாரு?" என்றார்.

அருங்காட்சியகத்தில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றோம். தலையசைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், நோயில் பூசுதல் பெற்று, எங்கள் கைகளில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு எங்களை அழைத்து, "நான் போனப்புறம் இதை மண்ணுல விட்டுருங்க" என்று சொல்லியிருந்தார். சரி என்று சொல்லிவிட்டோம். சொன்னபோது அது எளிதாகத்தான் இருந்தது.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த பின்னர் மண்வெட்டியும் கையுமாக நின்றோம். வீட்டருகே நட்டால் இச்சி வேர் கடைக்காலைப் பிளக்கும். கிணற்றுச் சுவர் எங்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. தொலைவில் நட்டாலோ, அவர் கைபட்ட மரத்தைத் திண்ணையில் காணாமல் நாங்கள் எப்படி இருப்போம்? எங்களுக்குள் சற்று வாக்குவாதமும் நடந்தது. முடிவில், உச்சிக் கிளையில் ஒரு முழக் கழி வெட்டி, பால் வடிந்து உலர்ந்தபின், கஜாவில் விழுந்த முந்திரித் தோப்பின் மேட்டில் நட்டோம். இச்சிக் கழி எளிதில் வேர்விடும். இவ்வாண்டு அது எங்கள் தலைக்கு மேல் ஓராள் உயரம் நிற்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் அதன் நிழலில் சோற்று மூட்டையை அவிழ்க்கிறார்கள். சொன்ன சொல்லைக் காத்தோமா, பாதிதான் காத்தோமா என்று எங்களுக்குள் இன்னும் ஒருமனப்படவில்லை.

வேளாரும் இப்போது இல்லை. அவர் மகன் பானை வனைவதில்லை. திருப்பூரில் வேலை செய்கிறார். சட்டியின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற ஒரு கீறல் விழுந்திருக்கிறது. செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறோம்.

சென்ற வாரம் திண்ணையைக் கழுவுவதற்காக முக்காலியிலிருந்து சட்டியை இறக்கி ஓரமாக வைத்தோம். வேலை மிகுதியால் திரும்ப ஏற்ற மறந்து சில நாட்கள் அப்படியே விட்டுவிட்டோம். நேற்று எடுக்கப் போனால் வரவில்லை. அடித்துளை வழியே வெள்ளை வேர் ஒன்று இறங்கி, திண்ணைத் தளத்தின் வெடிப்பில் நுழைந்திருக்கிறது. வெட்டுவதற்குக் கத்தரியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறோம். இன்னும் வெட்டவில்லை.